மாடு இல்லை, பன்றி இல்லை

தங்கமணிக்குக் கோபம் வந்தால் பிரிக்பீல்ட்ஸில் பாதித் தெருவுக்குத் தெரிந்துவிடும். அவளுடைய பார்லர் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. மேலே சத்தம் கிளம்பினால் கீழே பரிமாறுகிறவர்கள் சாம்பார் வாளியோடு நின்று, இன்றைக்கு யாருக்கு விழுகிறது என்று காது கொடுப்பார்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராத பைப்புக்காரன், புருவம் எடுத்து முடித்த பிறகு இன்னும் கொஞ்சம் மெல்லிசாக வேண்டும் என்கிற கஸ்டமர், படிக்கட்டில் சிகரெட் பிடிக்கிறவன், எல்லாருக்கும் அவளிடம் பங்கு உண்டு. மனசில் எதையும் வைத்துக்கொள்ள மாட்டாள், வாயில் கொட்டிவிடுவாள். அதில் அவளுக்குப் பெருமையும்கூட. "எனக்கு மறைச்சுப் பேசத் தெரியாது லா" என்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருப்பாள்.

அப்படிப்பட்டவள் போன தீபாவளிக்கு முன்னால் முத்துத்துளிக்கு ஏஜெண்ட் ஆனாள். முத்துத்துளி என்பது முகத்தில் தடவுகிற சீரம். அதில் இருப்பது ஹையலூரானிக் ஆசிட். ஆசிட் என்று கேட்டதும் கன்னத்தைப் பொத்திக்கொண்ட கஸ்டமர்களிடம், இது எரிக்கிற ஆசிட் இல்லை, நம் தோலுக்குள்ளேயே இருக்கிற சமாச்சாரம், தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வயசானால் குறைந்துபோகும், அதைத்தான் வெளியிலிருந்து கொடுக்கிறோம் என்று விளக்கி விளக்கி அவளுக்கு வாய் வலித்தது. பாட்டிலில் சுகாதார அமைச்சுக்கு அறிவித்த எண் இருந்தது. பக்கத்தில் பச்சை இலை படம் போட்டு 'வேகன்', அதாவது மாமிசச் சரக்கே கலக்காதது, என்றும் இருந்தது. கம்பெனி விமலனுடையது. முப்பது வயசுக்காரன், எப்போதும் சலவை மடிப்புக் கலையாத ஜிப்பா, டிக்டாக்கில் லைவ் வந்தால் தேன் ஒழுகப் பேசுவான்.

சீரம் நன்றாக ஓடியதும், அதே பெயரில், அதே ஊதா டப்பாவில், குடிக்கிற பொடியைக் கொண்டுவந்தான். தினம் காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு பாக்கெட். முகத்துக்கு மட்டும் இல்லை, முழங்கால் மூட்டில் வற்றிப்போன பசைகூடத் திரும்ப ஊறும் என்று லைவில் சொன்னான். டப்பாவில் அப்படி ஒரு வரியும் கிடையாது. அது ஏன் என்று தங்கமணி யோசிக்கவில்லை. அவள் கேட்டது ஒரே கேள்விதான். இந்த ஊரில் நம்மவர்கள் கடையில் எதைக் கையில் எடுத்தாலும் முதலில் கேட்கிற கேள்வி.

"தம்பி, மாடு இல்லைதானே?"

"நோ பீஃப், நோ போர்க், ஆன்டி. ஹலால் லோகோ இருக்கு பாருங்க."

அத்தோடு அவளுக்குத் திருப்தி. பிஸ்கட்டோ ஜெலியோ சூப்புத் தூளோ, மாடு என்றால் திரும்ப வைத்துவிட வேண்டியது, இல்லை என்றால் கூடையில் போட வேண்டியது. அவள் அம்மா அப்படித்தான் வாங்கினாள், அவளும் அப்படித்தான் வாங்குகிறாள். கோழியைப் பற்றி யார் கேட்கப்போகிறார்கள்? கோழிதான் எல்லாரும் சாப்பிடுவதாயிற்றே.

இப்போது வீட்டு விஷயத்துக்கு வருவோம். தங்கமணியின் வீடு கிள்ளானில். புருஷன் முகுந்தன் துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறவன், பாதி நாள் ரோட்டில்தான் இருப்பான். அவனுடைய அக்கா வீரம்மா, கணவர் போனபிறகு, மகள் விஷ்ணுப்ரியாவோடு இவர்களுடனேயே இருந்தாள். போன வருஷம் விஷ்ணுப்ரியாவுக்கு டிங்கி காய்ச்சல் முற்றி, ஆஸ்பத்திரியில் மூச்சுக் குழாய் வைத்துப் படுத்திருந்தாள். டாக்டர் வாயைத் திறந்து நம்பிக்கையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வராந்தாவில் நின்றுதான் வீரம்மா வேண்டிக்கொண்டாள்: பிள்ளை எழுந்து உட்கார்ந்தால், வருகிற தைப்பூசத்துக்கு முறையாக ஒரு மண்டலம் விரதம் இருந்து, பத்துமலைப் படியில் பால்குடம் எடுத்து வருகிறேன் முருகா என்று. பிள்ளை எழுந்து உட்கார்ந்தது. இப்போது வேலைக்கும் போகிறது.

வேண்டுதல் சரி, வீரம்மாவின் முழங்கால்தான் சரியில்லை. இரண்டும் தேய்ந்துபோனவை. வீட்டில் மாடி ஏறுவதற்கே கைப்பிடியைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு படியிலும் நின்று நின்று போவாள். பத்துமலையின் இருநூற்று எழுபத்திரண்டு படியை நினைத்து நினைத்து அவள் முகம் வாடியதைப் பார்த்துத்தான் தங்கமணி அந்த ஊதா டப்பாவைக் கொண்டுவந்து நீட்டினாள்.

வீரம்மா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எழுத்துப் பொடியாக இருந்தது. "விரதத்துக்கு ஆகுமா தங்கம்?" என்று கேட்டாள்.

"ஆகும் அண்ணி. வேகன். நான் விசாரிச்சுட்டேன்."

விசாரித்தது என்ன என்று நமக்குத் தெரியும். ஆனால் தங்கமணி பொய் சொல்லவில்லை. சீரம் பாட்டிலில் பார்த்த பச்சை இலை அவள் மனசிலேயே பொடி டப்பாவுக்கும் தாவிவிட்டது. ஒரே பெயர், ஒரே நிறம், ஒரே கம்பெனி, அப்புறம் என்ன? வீரம்மாவோ விரதம் தொடங்கிய நாளிலிருந்து தனிப் பானை, தனிக் கரண்டி, வெங்காயம்கூடச் சேர்க்காத சமையல் என்று இருந்தவள். முட்டை கலந்திருக்குமோ என்று ரொட்டியைத் தொடாதவள். நாத்தனார் மகள் வாங்கித் தந்த வைட்டமின் மாத்திரையைக்கூட, உறை என்ன உறையோ என்று ஒதுக்கிவைத்தவள். தங்கமணி விசாரித்துவிட்டேன் என்று சொன்னதால் மட்டும், காலையில் குளித்து, நீறு பூசி, ஸ்பூனால் கலக்கி, 'முருகா' என்று சொல்லிவிட்டு அதைக் குடித்தாள். கொஞ்ச நாளில் முழங்கால் வலி குறைந்ததாகவும் சொன்னாள். அது பொடியாலா, நம்பிக்கையாலா, யார் கண்டது?

அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் நஸ்ரின் புருவம் எடுக்க வந்தாள். மஸ்ஜித் இந்தியாத் தெருவில் துணிக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண். ஷா ஆலாமில் ஒரு காஸ்மெட்டிக் கம்பெனியில், எந்தப் பொருளுக்கு எந்த அனுமதி வாங்க வேண்டும் என்று பார்க்கிற வேலை அவளுக்கு. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தவளிடம் தங்கமணி வழக்கம்போல முத்துத்துளிப் பொடியின் புகழைப் பாட ஆரம்பித்தாள். வீட்டில் அண்ணி விரதத்தில்கூடக் குடிக்கிறார் என்பது வரைக்கும் வந்தாள்.

நஸ்ரின் கண்ணைத் திறந்தாள். இந்தப் பொடிக்கு ஆசிட்டை எதிலிருந்து எடுக்கிறார்கள் என்று கேட்டீர்களா அக்கா என்றாள். எதிலிருந்து என்றால் என்ன அர்த்தம் என்று தங்கமணி திருப்பிக் கேட்டாள். நஸ்ரின் பொறுமையாகத்தான் சொன்னாள். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, தொட்டியில் பாக்டீரியாவை வளர்த்து எடுப்பது. தடவுகிற சீரமெல்லாம் பெரும்பாலும் அதுதான். இன்னொன்று பழைய வழி, சேவலின் கொண்டையிலிருந்து எடுப்பது. மூட்டுக்கு என்று குடிக்க விற்கிறவற்றில் அது இன்னும் இருக்கிறது. முகத்தில் தடவினால் ஒரு சட்டம், வாயில் போட்டால் வேறு சட்டம், பாட்டிலில் இருக்கிற எண்ணுக்கும் இலைக்கும் பொடி டப்பாவோடு ஒரு சம்பந்தமும் இல்லை. மூட்டு வலி போகும் என்று சாப்பாட்டுச் சாமானில் எழுதவும் கூடாது, அதனால்தான் டப்பாவில் எழுதாமல் லைவில் வாயால் சொல்கிறார்கள்.

தங்கமணி விடவில்லை. அதுதான் ஹலால் போட்டிருக்கிறதே என்றாள்.

"ஹலால்னா சேவலை முறையா அறுத்திருக்காங்கன்னு அர்த்தம் அக்கா. சேவலே இல்லைன்னு அர்த்தம் இல்லை."

பல்லில் கடித்திருந்த நூல் அறுந்து தங்கமணியின் மடியில் விழுந்தது. நஸ்ரின் இன்னும் ஏதோ சொன்னாள், மாடும் பன்றியும் இருந்தால் டப்பாவில் தனியாக எழுதியே தீரவேண்டும், சேவலுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது, இது பாக்டீரியாவாகவும் இருக்கலாம், எதற்கும் கம்பெனியைக் கேட்டுவிடுங்கள் என்று. ஒரு புருவம் எடுத்தும் ஒரு புருவம் எடுக்காமலும் அவள் நாற்காலியில் காத்திருக்க, தங்கமணி ஜன்னல் பக்கம் போய் விமலனுக்கு மெசேஜ் அடித்தாள்.

பதில் மறுநாள் சாயங்காலம்தான் வந்தது, குரல் பதிவாக. கிள்ளான் ரயிலில் நின்றபடி காதில் வைத்துக் கேட்டாள். ஆன்டி, கவலையே படாதீங்க, நோ பீஃப், நோ போர்க், ஃபுல்லி ஹலால். அதையே மூன்று விதமாகச் சொல்லியிருந்தான். அவள் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. தங்கமணி மறுபடியும் போட்டுக் கேட்டாள். ஆனாலும் இன்னும் நிச்சயமாகத் தெரியாதே, தெரியாமல் அண்ணியின் மனசை ஏன் கெடுக்க வேண்டும் என்று தனக்குத் தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டாள்.

புதன்கிழமை பார்லரைப் பூட்டிவிட்டு விமலனின் ஆபீசுக்கே போனாள். அடுத்த தெருதான். அவன் எழுந்து நின்று வரவேற்றான், ஞாயிற்றுக்கிழமை ஏஜெண்டுகள் கூட்டத்தில் சிறந்த ஏஜெண்ட் கிரீடம் அவளுக்குத்தான் என்று சொல்லிச் சிரித்தான். தங்கமணி உட்காரவில்லை.

"பொடியில இருக்கிறது சேவலா, இல்லையா? அதை மட்டும் சொல்லு."

"சேவல் கொண்டைதான் ஆன்டி. மூட்டுக்கு அதுதான் பெஸ்ட், வெளிநாட்டுச் சரக்கு. பாக்டீரியாவெல்லாம் சீரத்துக்கு."

பச்சை இலை எங்கே போயிற்று என்று கேட்டாள். அது சீரம் பாட்டிலில் இருக்கிறது, பொடியில் நாங்கள் எப்போது போட்டோம் என்றான். அலமாரியில் இருந்து ஒரு டப்பாவை எடுத்துப் பார்த்தாள். அதே ஊதா, அதே முத்து. இலை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. இத்தனை டப்பாவைக் கைமாற்றியவள் ஒரு தடவைகூட அதைக் கவனிக்கவில்லை. அவமானத்தில் காது சூடேறியது, அந்தச் சூடு அப்படியே அவன் பக்கம் திரும்பியது.

"விரதக் காலத்துல உடம்பு சோராம இருக்க முத்துத்துளி குடிங்கன்னு லைவ்ல சொன்னது நீதானே?"

சொன்னேன், இல்லை என்று சொல்லவில்லையே என்றான். அவன் முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. எல்லாரும் மாடு இருக்கிறதா என்று கேட்டார்கள், இல்லை என்று உண்மையைச் சொன்னேன் என்றான். பிறகு சொன்னான்:

"சேவலான்னு நீங்க யாருமே கேட்கலையே ஆன்டி."

அடப்பாவி. இதைச் சொல்ல ஒருவனுக்கு நாக்கு எப்படி எழும்? தங்கமணி அன்றைக்கே லைவில் வந்து எல்லாரிடமும் சொல்லச் சொன்னாள். இன்னும் ஒரு வாரத்தில் தைப்பூசம், இப்போது போய்ச் சொன்னால் பாவம் அவர்கள் மனசு என்ன பாடுபடும், முடிந்தபிறகு பாக்டீரியாப் பொடிக்கு மாற்றிவிடலாம், தெரியாமல் குடித்ததில் தோஷம் இல்லை, மனசு சுத்தமாக இருந்தால் போதும் என்று அவன் அவளுக்கே உபதேசம் பண்ணினான். மற்ற நாளாக இருந்தால் மேஜை புரண்டிருக்கும். அன்றைக்கு அவள் டப்பாவை அலமாரியில் திரும்ப வைத்துவிட்டுப் படியிறங்கினாள். அவள் மனசில் ஒன்று உதித்திருந்தது: ஞாயிற்றுக்கிழமை, அவனுடைய மேடை, அவனுடைய மைக், அத்தனை பெண்களுக்கு முன்னால். அங்கே வைத்து உரிக்கிறேன் இவன் தோலை.

வீட்டுக்கு வந்தபோது வீரம்மா கூடத்தில் உட்கார்ந்து பால்குடச் செம்பைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தங்கமணியைப் பார்த்ததும் எழுந்து, கைப்பிடியைத் தொடாமல் மாடிப்படியில் நாலு படி ஏறி இறங்கிக் காட்டினாள். சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தாள். எல்லாம் நீ கொடுத்ததால்தான் தங்கம், உனக்குப் புண்ணியமாகப் போகும் என்றாள். தங்கமணியின் வாய்வரைக்கும் வந்தது. அவள் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம்தான். ஆனால் வெறுங்கையோடு எப்படிப் போய் நிற்பது? நான் கொடுத்தது சேவல் அண்ணி என்று சொன்னால் குற்றவாளி தங்கமணி ஒருத்திதான். ஞாயிற்றுக்கிழமை அவனை நாறடித்துவிட்டு வந்து, பாருங்கள் அண்ணி, உங்களை ஏமாற்றியவனை என்ன செய்தேன் என்று சொன்னால், விஷயமே வேறு. அப்படித்தான் அவள் கணக்குப் போட்டாள். இப்படி ஒரு கணக்கு இருக்கிறது என்று அவள் தனக்கே ஒப்புக்கொள்ளவில்லை. கோபம் அவ்வளவு பெரிதாக இருந்ததால், அதற்குள் மற்றதெல்லாம் ஒளிந்துகொண்டது.

மறுநாள் காலையில் அறைக்குள் தலை வாரிக்கொண்டிருந்தபோது சமையலறையில் ஸ்பூன் டம்ளரில் மோதுகிற சத்தம் கேட்டது. கிணுகிணுவென்று சுற்றிச் சுற்றி. பிறகு 'முருகா'. தங்கமணி காப்பிகூடக் குடிக்காமல் பையைத் தூக்கிக்கொண்டு ரயிலுக்குக் கிளம்பிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை அவளுக்கே தாங்கவில்லை. விடிந்ததும் எழுந்து டப்பாவை எடுத்துத் தன் கைப்பையில் திணித்தாள். தொலைந்துபோனது என்று இருக்கட்டும், ஞாயிறுவரைக்கும் குடிக்காமல் இருந்தால் போதும். செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது வீரம்மா ஈரத் தலையோடு வாசலுக்கு வந்தாள். வெள்ளிக்கிழமையும் அதுவுமாகப் பொடியைக் காணோமே, நீ பார்த்தாயா தங்கம் என்று கேட்டாள். அவள் நெற்றியில் நீறு இன்னும் காயவில்லை.

தங்கமணி பையைத் திறந்தாள். "கஸ்டமர் டப்பான்னு நினைச்சு எடுத்துட்டேன் அண்ணி" என்றாள். எடுத்து அவள் கையிலேயே கொடுத்தாள்.

அந்த நிமிஷத்தை ரயிலில் நினைத்தபோது அவளுக்கு விமலன் மேல்தான் ஆத்திரம் பொங்கியது. எவ்வளவு பெரிய பாவத்தில் என்னை இழுத்துவிட்டான். வேலும் மயிலும் பக்கத்தில் இருக்க, முருகனின் கொடியில் நிமிர்ந்து நிற்கிறது சேவல். அந்தச் சேவலின் கொண்டையைக் கரைத்து, முருகனுக்கே விரதம் இருக்கிறவள் தொண்டையில் ஊற்றியிருக்கிறான் இந்த விமலன். நினைக்க நினைக்கப் பல்லைக் கடித்தாள். பக்கத்தில் நின்ற ஒரு சீனப் பெண் பயந்து கொஞ்சம் தள்ளி நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் மண்டபம் ஊதாப் பலூன்களால் நிறைந்திருந்தது. சுங்கை பூலோவிலிருந்தும் சாலாக் செலாத்தானிலிருந்தும்கூட ஏஜெண்டுகள் வந்திருந்தார்கள். பாதிப் பேர் கழுத்தில் விரத மாலை. விமலன் வழக்கம்போலப் போனைக் கம்பத்தில் மாட்டி லைவ் போட்டிருந்தான். கிரீடத்துக்குத் தங்கமணியை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவன் அதை அவள் தலையில் வைக்க வந்தபோது அவள் மைக்கை வாங்கிக்கொண்டாள்.

முதலில் மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். இங்கே விரதம் இருக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றாள். தூக்கினார்கள். பொடி குடிக்கிறவர்கள் கையைக் கீழே இறக்காதீர்கள் என்றாள். ஒரு கையும் இறங்கவில்லை. அப்போது சொன்னாள், நாம் எல்லாரும் குடித்தது சேவல் கொண்டை என்று. தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. பிறகு பின்வரிசையில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். விமலன் மைக்கைப் பிடுங்க வந்தான். தங்கமணி அவன் ஜிப்பாவைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் பேசியதெல்லாம் இங்கே எழுதக்கூடியதில்லை. நடுவில் ஒரு வாக்கியம் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது.

"கேட்கலைன்னா சொல்ல மாட்டியா நீ? உன்னை நம்பித்தானே வாயில ஊத்தினோம். கேட்கலைன்னா சொல்ல மாட்டியா?"

பெண்கள் நாற்காலியை விட்டு எழுந்தார்கள். டப்பாக்கள் மேடைக்குப் பறந்தன. யாரோ அமைச்சுக்குப் புகார் எழுதுகிறேன் என்று கத்தினார்கள், யாரோ அழுதார்கள். விமலன் பின்கதவு வழியாகப் போனான். அவனுடைய லைவ் மட்டும் கம்பத்தில் ஓடிக்கொண்டே இருந்தது, நிறுத்த ஒருவருக்கும் தோன்றவில்லை. வெளியே வந்த தங்கமணியைப் பெண்கள் கட்டிப்பிடித்தார்கள். உனக்கு இருக்கிற தைரியம் யாருக்கு வரும் அக்கா என்றார்கள். நஸ்ரின்கூட மெசேஜ் அனுப்பியிருந்தாள், பார்த்தேன், நல்லா கேட்டீங்க என்று.

சென்ட்ரல் ஸ்டேஷனில் ரயில் ஏறி உட்கார்ந்தபோது அவளுக்கு உடம்பே லேசாக இருந்தது. வீட்டுக்குப் போய் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே போனாள். அண்ணி, உட்காருங்க, உங்களை ஒருத்தன் ஏமாத்திட்டான், அவனை நான் சும்மா விடலை. இந்த வரிசையில் சொன்னால் சரியாக இருக்கும். அண்ணி அழுவார், பிறகு கோபப்படுவார், கோபத்தில் நாம் இரண்டு பேரும் ஒரே பக்கம் நிற்போம். குருக்களைக் கேட்டு ஏதாவது பரிகாரம் செய்துகொள்ளலாம். கிள்ளானில் இறங்கும்போது முல்லைப்பூ இரண்டு முழம் வாங்கிக்கொண்டாள்.

வீட்டு வாசலிலேயே அவளுடைய குரல் அவளுக்குக் கேட்டது. கூடத்தில் வீரம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், மடியில் விஷ்ணுப்ரியாவின் போன். யாரோ லைவிலிருந்து அந்த இடத்தை மட்டும் வெட்டிப் போட்டிருந்தார்கள். முடிந்ததும் தானாகவே மறுபடி ஆரம்பித்தது. விஷ்ணுப்ரியா சமையலறை வாசலில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேஜையில் ஊதா டப்பா, பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த டம்ளரும் ஸ்பூனும்.

தங்கமணி பூவை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்று வீரம்மா கேட்டாள். குரலை உயர்த்தவில்லை.

தங்கமணி நஸ்ரினைப் பற்றிச் சொன்னாள், நிச்சயமாகத் தெரியாமல் இருந்ததைச் சொன்னாள், விமலன் ஆபீசில் நடந்ததைச் சொன்னாள். அவன் பெயர் வருகிற இடத்தில் அவளுடைய குரல் பழையபடி ஏறியது. வீரம்மா காத்திருந்தாள். பிறகு அதே கேள்வியைக் கேட்டாள், நிச்சயமாக எப்பத் தெரியும் என்று.

"புதன்கிழமை."

"வெள்ளிக்கிழமை என் கையில எடுத்துக் கொடுத்தியே."

விஷ்ணுப்ரியா அம்மாவின் தோளைத் தொட வந்தாள். வீரம்மா அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டாள். இன்றைக்குக் காலையில்கூட நீ அறையில் இருக்கும்போதுதானே கலக்கினேன், சத்தம் உனக்குக் கேட்டிருக்குமே என்றாள். கேட்டது என்று தங்கமணி சொன்னாள். அதையாவது உண்மையாகச் சொன்னாள்.

மடியில் இருந்த போனில் தங்கமணி விமலனின் ஜிப்பாவைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். கேட்கலைன்னா சொல்ல மாட்டியா நீ? உன்னை நம்பித்தானே வாயில ஊத்தினோம். வீரம்மா அதை அணைக்கவில்லை. அது முடிந்து மறுபடி ஆரம்பிக்கிறவரைக்கும் தங்கமணியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவனுக்கு நான் யாருன்னே தெரியாது தங்கம். உனக்குத் தெரியும்ல."

எழுந்தாள். சாமி படத்துக்கு முன்னால் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்த செம்பை எடுத்து, பழைய நாளிதழில் சுற்றினாள். முக்காலியை இழுத்துப் போட்டு, ஒரு காலைத் தூக்கி வைத்து, பிறகு மறு காலையும் தூக்கி வைத்து அதன்மேல் ஏறி நின்றாள். முழங்கால் மடங்கி நிமிர்ந்தது, வலித்த மாதிரி தெரியவில்லை. செம்பை அலமாரி உச்சியில், பழைய பெட்டிகளுக்குப் பின்னால் தள்ளி வைத்தாள். அடுத்த வருஷம் விரதத்தை முதலிலிருந்து தொடங்குகிறேன், என் சாப்பாட்டை நானே பார்த்துக்கொள்கிறேன், உன் கையால் எனக்கு ஒரு வாய் தண்ணிகூட வேண்டாம் என்று சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

தங்கமணி ஓடிப்போய் முக்காலியைப் பிடித்தாள்.

"விடு" என்றாள் வீரம்மா. தங்கமணி கையை எடுத்தாள். அவள் தானாகவே இறங்கினாள்.